பரணில் கிடக்கும் வைத்தியச் சுவடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கத்துப் பழைய வைத்தியர் வீடுகளில் இன்னும் சுவடிகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்லும் வேலையில் இருப்பதால் ஒரே சந்தேகங்களைப் பல வீடுகளில் கேட்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

எங்க தாத்தா ஊர் வைத்தியர். அவரோட ஓலைக்கட்டு ஒண்ணு பரண்ல கிடக்கு. இது என்ன புத்தகம்?

பெரும்பாலும் அது வாகடமாக இருக்கும். நோயின் குறி, சேர வேண்டிய சரக்கு, அளவு, செய்முறை, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது), பத்தியம் என்று வைத்தியரின் கைக்கு வேண்டியதை மட்டும் வைத்து எழுதும் கைநூல். குழந்தை நோய்களுக்குப் பாலவாகடம், மாடுகளுக்கு மாட்டு வாகடம், கண்ணுக்கு நயனவிதி என்று தனித்தனியாகவும் உண்டு. ஒரே கட்டில் எல்லாம் கலந்தும் வரும்.

ஓலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. போன நூற்றாண்டு வைத்தியர்கள் நீளமான கணக்கு நோட்டில் மையால் எழுதினார்கள். "இது வெறும் நோட்டுதான்" என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஓலையில் இருப்பது பலமுறை பழைய நூலின் படியாக இருக்கும். நோட்டில் இருப்பது அந்த வைத்தியரே பார்த்த வைத்தியமாக இருக்கும்.

முதல் பாட்டுலயே அகத்தியர் பேரு வருதே. அப்ப இதை எழுதினது அகத்தியரா, தாத்தாவா?

அகத்தியர், தேரையர், போகர், யூகி என்று பெரியவர்கள் பேரில் பாடல்களைத் தொடங்குவது மரபு. ஒரு வைத்தியர் தன் குருவின் சுவடியைப் பார்த்துப் படி எடுப்பார். எடுக்கும்போது தனக்குத் தேறாத முறையை விடுவார், தான் கண்டதைச் சேர்ப்பார். அவர் மாணவரும் அதையே செய்வார். இப்படி நாலு தலைமுறை கடந்த சுவடியில் அகத்தியர் பேரும் இருக்கும், உங்கள் தாத்தாவின் கையும் இருக்கும்.

தாத்தாவின் கையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பாட்டு நின்று உரைநடை வரும் இடங்களைப் பாருங்கள். "கைகண்டது", "அனுபோகம்", "இன்ன ஊர் இன்னார் சொன்ன முறை" என்று வந்தால் அது அவருடையது. ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில் சேர்த்த வரிகளும் அப்படித்தான்.

கடைசி ஏட்டையும் பாருங்கள். எழுதி முடித்த வருஷம், மாதம், தேதி, எழுதியவர் பெயர் சில சமயம் இருக்கும். வருஷம் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரில் வரும். "தாது வருஷம்" என்றால் அது 1816 ஆகலாம், பெரிய பஞ்சம் வந்த 1876 ஆகலாம், 1936-ம் ஆகலாம். எழுத்தின் வடிவத்தையும் குடும்பத்தின் தலைமுறைக் கணக்கையும் வைத்துத்தான் எது என்று முடிவு செய்ய முடியும்.

சரபோஜி மகாராஜா வைத்தியப் புத்தகம் எழுதினார்னு சொல்றாங்களே, நிஜமாவா?

எழுதவைத்தார் என்று சொன்னால் சரியாக இருக்கும். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1777-ல் பிறந்து 1798-ல் அரியணை ஏறினார். அடுத்த வருஷமே ஒப்பந்தத்தின்படி நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போய்விட்டது. கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்ச இடமும்தான் அவரிடம் மிஞ்சின. 1832-ல் இறக்கும் வரை அவர் கவனம் முழுக்க நூலகம், அச்சுக்கூடம், கல்வி, வைத்தியம் ஆகியவற்றில்தான் இருந்தது.

அவர் அமைத்த தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் என்று பல முறை வைத்தியர்களும் வேலை பார்த்தார்கள். மனிதர்களுக்கு மட்டுமல்லாமல் கால்நடைகளுக்கும் அங்கே மருந்து தயாரானது. அங்கே பயனில் இருந்த முறைகளைத் தொகுத்து, புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாக்கினார்கள். "சரபேந்திர வைத்திய முறைகள்" என்ற பெயரில் இன்று கிடைப்பவை அவைதாம். கண் நோய், நீரிழிவு, குன்மம் (வயிற்று நோய்), கர்ப்பிணி மற்றும் குழந்தை நோய்கள் என்று நோய்வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வைத்தியர் எடுத்துப் புரட்ட வேண்டிய ஒழுங்கு அது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள். யாருக்கு என்ன கோளாறு, என்ன செய்தார்கள் என்று எழுதி, கண்ணின் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அவை தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. முறையை மட்டும் எழுதாமல், அது ஒரு ஆளிடம் எப்படி வேலை செய்தது என்று எழுதும் பழக்கம் நம் வாகடங்களில் அபூர்வம். ஆனாலும் அந்தத் தொகுப்புகளின் பின்னால் இருந்த வைத்தியர்களில் பெரும்பாலோர் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. ராஜாவின் பெயர்தான் அட்டையில் நிற்கிறது.

அந்தப் புத்தகமெல்லாம் இப்ப வாங்க முடியுமா?

முடியும். தஞ்சை அரண்மனை வளாகத்தில் உள்ள சரசுவதி மகால் நூலகமே சுவடிகளைப் பதிப்பித்து விற்கிறது. சில தொகுதிகள் அவ்வப்போது இருப்பில் இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டுச் சுவடியைப் படிக்கப் பழக நினைத்தால் இந்தப் பதிப்புகள் நல்ல துணை. அச்சில் படித்த பாட்டு ஓலையில் வந்தால் கண் தானாகவே எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தரங்கம்பாடி பாதிரியாருங்க நம்ம வைத்தியச் சுவடியை ஜெர்மனிக்குக் கொண்டு போனாங்களாமே?

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708-ல் அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். அவரோடு வேலை பார்த்த கிருண்ட்லர் 1711-ல் தமிழ் வைத்தியத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூலே எழுதினார். அது ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துப் பிரதியாக இருக்கிறது. கிருண்ட்லர் வைத்தியர் அல்லர், குரு ஊழியம் செய்ய வந்தவர். தமிழ்ச் சுவடிகளையும் உள்ளூர் வைத்தியத்தையும் வைத்துத்தான் அவரால் அதை எழுத முடிந்தது.

கொண்டு போனதைப் பற்றிக் கோபப்படுபவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் ஹாலேக்குப் போனது இருக்கிறது. இங்கேயே இருந்ததில் எவ்வளவோ கரையானுக்கும் ஆற்றுக்கும் போய்விட்டது.

எழுத்து ஒண்ணுமே புரியல. புள்ளியே காணோம். இது தமிழ்தானா?

தமிழ்தான். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும், அதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பாட்டாக இருந்தாலும் அடி பிரிக்காமல் ஓலை முடியும் வரை ஓட்டிக்கொண்டே போவார்கள்.

பழக்கத்தால் வரும் வித்தை இது. எடுத்த எடுப்பில் நடுவிலிருந்து தொடங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சரக்கு ஒன்றைத் தேடுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் அடுத்தடுத்து வராத வாகடம் இல்லை. அந்த மூன்றையும் கண்டுபிடித்தால் ஏழெட்டு எழுத்துகளின் வடிவம் கைக்கு வந்துவிடும். அங்கிருந்து முன்னும் பின்னும் நகருங்கள். முடியவில்லை என்றால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

அளவெல்லாம் பலம், வராகனெடைனு போட்டிருக்கு. கிராம்ல எவ்வளவு?

இன்று சித்த மருந்து செய்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு இது: ஒரு பலம் 35 கிராம், ஒரு வராகனெடை ஏறக்குறைய 4.2 கிராம், ஒரு குன்றிமணி எடை 130 மில்லிகிராம். நாற்பது பலம் ஒரு வீசை. முகத்தலில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. படியை 1.3 லிட்டர் என்று கொள்கிறார்கள். நேரத்துக்கு ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு சாமம் 3 மணி நேரம்.

இது இன்றைய ஒப்பந்தக் கணக்கு, உங்கள் தாத்தா பயன்படுத்திய படிக்கல் அல்ல. பழைய நாளில் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறின. அதோடு "திரிகடி" என்றால் மூன்று விரலால் எடுக்கும் அளவு, "கழற்சிக்காயளவு" என்றால் ஒரு கழற்சிக்காய்ப் பருமன். இவற்றுக்குக் கிராம் தேடினால் கிடைக்காது.

பின்னங்களில்தான் பெரிய ஆபத்து. "எட்டேகால் லட்சணமே" என்ற ஔவையின் தனிப்பாட்டு ஞாபகம் இருக்கிறதா? தமிழெண்ணில் எட்டு "அ", கால் "வ". இரண்டையும் சேர்த்தால் அவலட்சணம். அந்த "வ" சுவடியிலும் வரும். அதைச் சொல்லின் முதலெழுத்து என்று நினைத்துக் கடந்துபோனால், கால் பலம் போட வேண்டிய சரக்குக்கு ஒரு பலம் என்று படித்துவிடுவீர்கள். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முன்னூற்றிருபதில் ஒன்று. இவையும் மருந்தளவில் வரும்.

சில சரக்கு பேரு எந்த நாட்டு மருந்துக் கடையிலயும் தெரியலங்கறாங்க. என்ன பண்றது?

முதலில் டி. வி. சாம்பசிவம் பிள்ளையின் சித்த மருத்துவ அகராதியைப் பாருங்கள். அவர் காவல்துறையில் இருந்தவர், வைத்தியத் தொழில் செய்தவர் அல்லர். இந்தத் துறைக்கு அவர் செய்ததை ஒரு பெரிய குழு சேர்ந்து செய்வதே கஷ்டம். அதிலும் கிடைக்காவிட்டால் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம், முக்கியமாக வயல் வேலை செய்த பெண்களிடம் கேளுங்கள். டெல்டா வைத்தியர்களின் கைநூலில் பாதி வாய்க்கால் வரப்பில் முளைப்பது: நீர்முள்ளி, வல்லாரை, பொடுதலை, கரிசலாங்கண்ணி, கோரைக்கிழங்கு, நொச்சி. ஒரே செடிக்குத் திருவையாற்றில் ஒரு பேர், வேதாரண்யத்தில் ஒரு பேர்.

அப்புறம், சுவடியில் ஒரு பேர் தெரியவில்லை என்றால் "இதுவாகத்தான் இருக்கும்" என்று இன்னொன்றைப் போட்டு எழுதாதீர்கள். வெங்காரம் என்று இருப்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து வெங்காயம் ஆக்கிய படிகளைப் பார்த்திருக்கிறேன். வெங்காரம் ஒரு உப்பு.

தாத்தா எழுதினபடி நானே மருந்து செஞ்சு சாப்பிடலாமா? எல்லாம் இயற்கைதானே?

செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வீரம், பூரம், இலிங்கம் மூன்றும் பாதரசம் சேர்ந்தவை. தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் ஆர்செனிக் சேர்ந்தவை. மிருதார்சிங்கி ஈயம். சரியாகச் செய்யாவிட்டால் சிறுநீரகமும் நரம்பும் கெடும்.

"நான் மூலிகை மட்டும்தான் எடுப்பேன்" என்றாலும் அதே பதில்தான். எட்டிக்கொட்டை, நேர்வாளம், சேராங்கொட்டை, ஊமத்தை, செங்காந்தள் கிழங்கு எல்லாம் இயற்கைதான், ஆளைக் கொல்லக்கூடியவைதான். இவற்றின் நஞ்சை நீக்கச் சுத்தி முறைகள் உண்டு. ஆனால் பல கைநூல்களில் "சுத்தி செய்து" என்று ஒரே சொல்லோடு முடித்திருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கற்ற மாணவனுக்கு அது போதும் என்று வைத்தியருக்குத் தெரியும். அந்த மாணவன் நீங்கள் இல்லை. இந்தக் கைநூல்கள் தெரிந்தவருக்கு ஞாபகப்படுத்த எழுதியவை.

சரி, சளிக்குக் கஷாயம், வயித்துக்குச் சூரணம்னு சாதாரண முறைகள்?

வீட்டில் ஏற்கெனவே செய்துவரும் சுக்குக் கஷாயம் போன்றவற்றில் பயமில்லை. சுவடியைப் பார்த்துப் புதிதாகச் செய்ய ஆசையாக இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அளவைப் பற்றி மேலே சொன்ன சிக்கல் கஷாயத்துக்கும் உண்டு. கர்ப்பிணிகள், குழந்தைகள், ஏற்கெனவே சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விஷயத்தில் சொந்தச் சோதனை கூடவே கூடாது.

பாம்புக்கடிக்கு அம்பது முறை எழுதியிருக்காரே. அந்தக் காலத்துல பிழைச்சாங்கதானே?

சிலர் பிழைத்தார்கள். கடித்த பாம்புகளில் நிறைய விஷமில்லாதவை, விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அப்படிப் பிழைத்தவர்களின் கணக்கும் மருந்தின் பேரில் ஏறியிருக்கும். வயல் வேலை செய்யும் ஊர்களில் அன்று வேறு வழியும் இல்லை. வைத்தியர் தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தார், அதனால்தான் அம்பது முறை. ஒன்றே பலித்திருந்தால் ஒன்றுதான் எழுதியிருப்பார்.

இன்று நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு ஊசி அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், இறுக்கிக் கட்டாமல், கீறாமல், பச்சிலை தேடாமல் உடனே கொண்டுபோங்கள். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்கவே வலிக்காது, தூக்கத்தில் கடித்தது தெரியாமல்கூடப் போகும். வலி இல்லை என்று காத்திருக்காதீர்கள். வாந்திபேதி பக்கங்களுக்கும் இதே பேச்சுதான்: உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஆஸ்பத்திரியும்.

மருந்துக்கு நடுவுல மந்திரம், ஜோசியம், நெல்லு பாக்கிக் கணக்கெல்லாம் வருது. அதை விட்டுட்டு மருந்தை மட்டும் டைப் அடிக்கலாமா?

வேண்டாம், எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். யார் எத்தனை மரக்கால் நெல் தர வேண்டும் என்ற கணக்கிலிருந்து எந்த ஊர்க்காரர்கள் அவரிடம் வந்தார்கள், அறுவடைக்குப் பிறகு கடனைத் தீர்த்தார்களா என்று தெரிகிறது. மந்திரம் எந்த நோய்களுக்கு வருகிறது என்று பார்த்தால், மருந்துக்கு அடங்காதவை என்று அவர் எவற்றை நினைத்தார் என்பது தெரிகிறது. வைத்தியரைப் பற்றி நமக்கு வேறு எழுத்தே இல்லாதபோது நெல் பாக்கியும் அவர் வரலாறுதான். பிழை என்று தோன்றுவதையும் திருத்தாமல் எழுதி, உங்கள் கருத்தைத் தனியாக அடியில் போடுங்கள்.

ஓலை ஒட்டிக்கிச்சு, எழுத்தும் மங்கிடுச்சு. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பிசுபிசுத்துத் தூசியும் பூச்சியும் சேரும். ஒட்டிய ஏடுகளைக் கத்தியால் நெம்பாதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். மேலே உள்ள தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுவதோடு நிறுத்துங்கள். சுவடி பாதுகாப்பவர்கள் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தொட்டுத் துடைத்து, விளக்குக் கரியால் மையேற்றுவார்கள். அதைத் தெரிந்தவர் செய்யட்டும். கட்டிய கயிற்றை உருவுவதற்கு முன்னால் ஏட்டெண்களைக் கவனியுங்கள், வரிசை கலைந்தால் திரும்பச் சேர்ப்பது பெரிய பாடு. வசம்புத் துண்டு போட்டு வைக்கும் பழக்கம் நல்ல பழக்கம்.

படம் எடுக்கப் போனில் எடுத்தாலே போதும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழட்டும், மங்கிய கீறலும் தெரியும். ஒவ்வொரு ஏட்டையும் இரண்டு பக்கமும், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடுங்கள்.

வச்சிருக்க இடமில்ல. ஆடிப்பெருக்குல ஆத்துல விட்டுடலாம்னு அம்மா சொல்றாங்க.

படிக்க ஆளில்லாத சுவடியைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு விடுவது மரியாதையாகச் செய்யும் காரியம் என்றுதான் அம்மா நினைக்கிறார், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் விடாதீர்கள். சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் எல்லாம் இருக்கின்றன. கொடுக்குமுன் முழுதும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். படம் எடுத்துக்கொண்டு சுவடியை உங்களிடமே திருப்பித் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஒருத்தர் நல்ல விலைக்குக் கேக்கிறார். விக்கலாமா? ரகசிய முறையைக் கம்பெனிக்காரன் எடுத்துக்க மாட்டானா?

75 வருஷத்துக்கு மேல் பழைய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 1972-ம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். வாங்குபவர் எங்கே கொண்டுபோகிறார் என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே விற்காதீர்கள் என்பதே என் கருத்து.

ரகசியம் பற்றிய பயத்துக்குப் பதில் எதிர்த்திசையில் இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி மரபறிவுக்கு அப்படியே காப்புரிமை கிடையாது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று அமெரிக்காவில் ஒருமுறை கொடுத்த காப்புரிமையை, இந்தியா பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. எழுத்தில் வெளிப்படையாக இருந்ததால்தான் அது முடிந்தது. பரணில் பூட்டி வைத்தது சான்றாகாது.

எங்க தாத்தா பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. இதை யாரு மதிப்பாங்க?

தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதரை (1859–1919) இசை ஆராய்ச்சிக்காக எல்லோரும் அறிவார்கள். அவர் சோறு சாப்பிட்ட தொழில் சித்த வைத்தியம் என்பது பலருக்குத் தெரியாது. அவ்வளவு பெரியவருக்கே அந்தப் பக்கம் மறந்துபோகிறது என்றால், ஊர் வைத்தியரைக் குடும்பம்தான் எழுதி வைக்க வேண்டும். மதிக்கிறவர் அப்புறம் வருவார். எழுதி வைக்காவிட்டால் வருகிறவருக்கு ஒன்றும் இருக்காது.

ஒரு தாள் போதும். பெயர், ஊர், பிறந்த இறந்த வருஷம், யாரிடம் கற்றார், எந்த நோய்க்கு அவரைத் தேடி வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், என்ன வாங்கினார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒருவராவது உங்கள் ஊரில் உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள், அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். கட்டுக்கதையாகத் தோன்றினாலும் "இன்னார் சொன்னது" என்று போட்டு எழுதலாம். அந்தத் தாளில் ஒரு படியைச் சுவடியோடு கட்டி வையுங்கள், இன்னொரு படியைச் சுவடியின் படங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.